உப்பில்லாத கூழும் ஒரு பத்து மதிப்பெண் வினாவும்

பதிப்புரிமை வழக்கு என்று ஜூனியர்களான உங்களில் யார் என்னிடம் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "புத்தகத்தைப் படித்தாயா?" என்பதுதான். "நோட்டீஸைப் படித்தேன் மேடம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கோபித்துக்கொள்ள மாட்டேன். நில வழக்கு எடுத்தவர் நிலத்தைப் போய்ப் பார்க்காமலேயே வாதாடுவதை இந்த விழுப்புரம் நீதிமன்றத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் வடக்கே இருக்கிறது என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார். வாய்க்காலே இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர் பேச்சில் ஒரு குறையும் இல்லை.

இந்தக் கதை அதைப் பற்றியதுதான். எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் என் சீனியரின் அறையிலிருந்து வெளியே வந்து, பாண்டி ரோட்டில் ஒரு மாடியறையில் தனியாகப் பலகை மாட்டியிருந்தேன். சீனியருக்குப் பிடிக்காத வழக்குக் கட்டுகளெல்லாம் எனக்கு வந்து சேரும். ஒருநாள் ஒருவரை அழைத்துவந்து என் மேசைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, "இது கதைப் புத்தகக் கேஸ். கதை படிக்கிற வயசு உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. சட்டப் புத்தகம் தவிர அப்போது நான் படித்த ஒரே நூல் பஸ் டைம் டேபிள்.

வந்தவர் பெயர் அருளப்பன். திண்டிவனம் ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க். ஆனால் அவரை அந்தப் பெயரில் தெரிந்தவர்களைவிட, "உப்புக்கோட்டை" எழுதுகிறவர் என்று தெரிந்தவர்கள்தான் அதிகம். சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் பல வருடங்களாக வந்துகொண்டிருந்த மாயாஜாலத் தொடர்கதை அது. ஐந்து பாகங்கள் புத்தகமாகவும் வந்துவிட்டன. மரக்காணம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், உப்பாலேயே கட்டிய ஒரு கோட்டையைக் கற்பனை செய்திருந்தார். மழைக்காலத்தில் அது கரையும், கோடையில் மறுபடி எழும்பும். உள்ளே ஓர் இளவரசி அடைபட்டிருப்பாள். அவளுக்கு வெளியுலகச் செய்தி கொண்டுவருபவன் ஒரு குருட்டுப் படகோட்டி. அவள் தகப்பனான அரசன் கடலில் காணாமல் போயிருந்தான். அவன் இருக்கிறானா, இல்லையா என்பதுதான் வாசகர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. பொங்கல் மலரில் ஆறாவதும் கடைசியுமான பாகம் தொடங்கப் போகிறது என்று பத்திரிகை விளம்பரம் செய்திருந்தது.

அருளப்பன் சார் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். வைக்கவில்லை, போட்டார். விழுப்புரத்தில் பள்ளிக்கூட கைடு அச்சடிக்கும் ஒரு பதிப்பகம் வெளியிட்டது. "உப்புக்கோட்டை: முழு விளக்கக் கையேடு" என்று தலைப்பு. அதற்குக் கீழே, அந்தப் பதிப்பகத்தின் எல்லா கைடுகளிலும் இருக்கும் அச்சு பிளாக்கை எடுக்க மறந்து அப்படியே அடித்திருந்தார்கள்: "பொதுத்தேர்வில் வெற்றி நிச்சயம்."

நான் பிரித்துப் பார்த்தேன். உப்புக்கோட்டையின் எல்லைகள் யாவை? கடல் ஓநாய், சிறுகுறிப்பு வரைக. பொருத்துக: இடது பக்கம் அரக்கர்கள், வலது பக்கம் அவர்கள் குடியிருக்கும் குகைகள். இளவரசியின் தாலாட்டு மனப்பாடப் பகுதியில் இருந்தது. நெருப்பைக் கக்கும் ஆமைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, "மிக முக்கியம்" என்று எழுதியிருந்தது. கட்சிக்காரர் எதிரில் இருக்கும்போது எதிர்த்தரப்பு ஆவணத்தைப் படித்துச் சிரிக்கக் கூடாது. நான் இருமிச் சமாளித்தேன்.

அவருக்கு இரண்டு புகார்கள். முதலாவது, தன் பாகங்களிலிருந்து பக்கம் பக்கமாக வரி மாறாமல் எடுத்துக் "கதைச்சுருக்கம்" என்று போட்டிருக்கிறார்கள். அது உண்மை, பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரல் பார்சல் எடை சொல்வதுபோல் சாதாரணமாக இருந்தது. இரண்டாவது புகாருக்கு வந்தபோதுதான் கையேட்டை என்னிடமிருந்து பிடுங்கிக் கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார்.

கையேட்டின் கடைசியில் "எதிர்பார்க்கப்படும் வினாக்கள்" என்று ஒரு பகுதி. எந்த கைடிலும் இருப்பதுதான். அதில் கடைசி வினா பத்து மதிப்பெண்: "குருட்டுப் படகோட்டியே காணாமல் போன அரசன் என்பதை நிறுவுக." கீழே ஒரு பக்கத்துக்கு விடையும் இருந்தது.

"அதான் மேடம் முடிவு" என்றார். "அத்தினி வருஷமா மறைச்சி வெச்சிக்கினு இருந்தேன். என் பொண்டாட்டிக்கே தெரியாது. கடைசி அத்தியாயத்த மட்டும் முன்னாடியே எழுதி, நல்ல பிரதி எடுக்கச் சொல்லி ஒருத்தன்கிட்ட குடுத்தேன். அவன் ஒருத்தன்தான் படிச்சான். வித்துட்டான்."

அந்த ஒருவர் ஏழுமலை. ஓமந்தூர்க்காரர். திண்டிவனம் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதுபவர். முத்துமுத்தான கையெழுத்து. பள்ளிக்கூட நாளிலிருந்து அருளப்பனுக்கு நண்பர். உப்புக்கோட்டையின் முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றையும் பத்திரிகைக்குப் போகும் முன் நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கையேடு கைக்கு வந்த அன்றே அருளப்பன் சார் நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய், நாலு பேர் பார்க்க, எவ்வளவுக்கு விற்றாய் என்று கேட்டிருக்கிறார். ஏழுமலை பேனாவை மூடி, பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

"தப்பு பண்ணாதவன்னா பதில் சொல்லியிருப்பான் இல்ல மேடம்?" என்று என்னிடமே கேட்டார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கப் போகிற வீட்டுச் சட்டம். நம் சட்டத்தில் அதற்கு அவ்வளவு சுலபமாக இடம் கிடையாது. சொல்லத் தகுந்த வார்த்தை கிடைக்காதவனும் பேசாமல்தான் இருப்பான். ஆனால் அருளப்பன் சாருக்கு அன்றைக்கு இதைச் சொன்னால் கேட்டிருக்க மாட்டார். ஜல்தியாகத் தடையாணை வாங்க வேண்டும், பொங்கல் மலருக்கு முன்னால் அந்தக் கையேடு கடைகளிலிருந்து போய்விட வேண்டும், ஏழுமலை மேல் போலீசிலும் புகார் கொடுக்க வேண்டும் என்று நின்றார்.

அப்போது நமக்கு மாவட்ட நீதிமன்றம் கடலூரில். பதிப்புரிமை வழக்கை அங்கேதான் போட வேண்டும். மனுவும் பிரமாணப் பத்திரமும் தட்டச்சாகி வந்துவிட்டன. என் கட்டுரைத்தனமான தமிழில் அந்தப் பத்தி அழகாகவே அமைந்திருந்தது: மனுதாரரின் நம்பிக்கைக்குரிய நகலெழுத்தாளர் ஏழுமலை என்பவர் கைப்பிரதியின் ரகசியத்தை எதிர்மனுதாரர்களுக்குக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடத்தான் பாக்கி. சீனியரிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது, நாளைக்கே தாக்கல் செய் என்றார். அவருக்கு நன்றாக இருப்பது என்றால் எழுத்துப் பிழை இல்லை என்று பொருள்.

அருளப்பன் சார் பேனாவைத் திறந்தார். எனக்கு என்னவோ அந்தப் பத்தி உறுத்தியது. சத்தியம் செய்து நீதிமன்றத்தில் ஒருவனைத் திருடன் என்று எழுதிவிட்டால் வழக்கில் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் காகிதம் அப்படியே இருக்கும். இவர் பேச்சில் பாதிக்கு மேல் ஏழுமலையைப் பற்றித்தான் இருந்தது. புத்தகம் போனதைவிட ஆள் போனதுதான் அவருக்கு வலிக்கிறது என்று தோன்றியது.

"திங்கட்கிழமை கையெழுத்துப் போடலாம் சார்" என்றேன். "நான் இன்னும் உங்க நாவலைப் படிக்கலை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏழுமலை செய்த துரோகமே பரவாயில்லை என்பதுபோல இருந்தது. ஆனாலும் ஐந்து பாகங்களையும் மறுநாள் ரயிலில் பார்சலாகவே அனுப்பிவைத்தார். அது அவர் தொழில்.

படித்தேன். பேய், அரக்கன் என்றால் குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைத்திருந்த நான் சமையலைத் தீய விட்டேன். முதல் பாகத்திலிருந்து ஐந்தாவது வரை படகோட்டி வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். அவன்தான் அரசன் என்று காட்டும் ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. அப்படியானால் கைப்பிரதியைப் பார்க்காமல் அது தெரிய வழியே இல்லை, அருளப்பன் சார் சொல்வதுதான் சரி என்ற முடிவுக்கு வந்தேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பத்து மதிப்பெண் விடையை முழுதாகப் படித்தேன். முதலில் எல்லாரும் கேள்வியைத்தான் பார்த்தோம். நானும், அருளப்பன் சாரும், சீனியரும். விடையைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

விடை முழுதும் ஏற்கெனவே வெளிவந்த பாகங்களின் பக்கங்களைக் காட்டியே எழுதப்பட்டிருந்தது. படித்ததும் எழுந்து அந்தப் பதிப்பகத்துக்கே போனேன். எதிர்த்தரப்புக்கு வக்கீல் இருந்தால் அப்படிப் போகக் கூடாது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அப்போது யாரையும் வைத்திருக்கவில்லை. நான் யார் சார்பில் வந்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பதிப்பாளர் நடுங்கிப்போயிருந்தார். ஏன் இப்படிப் பரீட்சை கைடு மாதிரி போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "எங்ககிட்ட இருக்கறது ஒரே மாடல்தான் மேடம். வரலாறு வந்தாலும் அதுலதான் போடுவோம், ராட்சசன் வந்தாலும் அதுலதான் போடுவோம்" என்றார்.

கையேட்டை எழுதியவர் மங்கை டீச்சர். விழுப்புரத்தில் ஒரு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டு, அந்தப் பதிப்பகத்துக்கு வரலாறு, அறிவியல், வணிகவியல் என்று எல்லா கைடும் எழுதிக் கொடுப்பவர். தொடரைப் பாதியிலிருந்து படிக்கத் தொடங்கிய மாணவிகள் முன்கதை கேட்டுக் கேட்டுத் தொல்லை செய்ததால் இதையும் எழுதினாராம். ஏழுமலை என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. அருளப்பன் சாரை நேரில் பார்க்கலாமா என்றுதான் என்னிடம் கேட்டார். வழக்கு வரப்போகிறது என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. திங்கட்கிழமை என் அறைக்கு வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட வந்த அருளப்பன் சார் என் அறையில் இருப்பவர்தான் கையேட்டை எழுதியவர் என்று நான் சொன்னதும் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் உட்கார வைத்தேன். டீச்சர் இரண்டாம் பாகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். மழைக்கு ஒதுங்கிய ஐந்தாறு பேருக்கு ஒரு கிழவி கேப்பைக் கூழ் ஊற்றுகிறாள். உப்புப் போட மறந்துவிடுகிறாள். ஒருவன் துப்புகிறான், ஒருவன் திட்டுகிறான். படகோட்டி மட்டும் குடித்துவிட்டுப் போகிறான்.

"முதல் பாகத்துல ஒரு வரி எழுதியிருக்கீங்க சார்" என்றார் டீச்சர். "உப்புக்கோட்டை சிம்மாசனத்துல உட்கார்றவனுக்கு உப்பு ருசி தெரியாமப் போயிடும்னு. அந்தச் சாபத்தைப் பத்தி அதுக்கப்புறம் நீங்க பேசவே இல்ல. வீட்டுல தினம் சமைக்கறவளுக்கு, உப்பில்லாத கூழை ஒருத்தன் பேசாமக் குடிச்சா கண்ணுல படாமப் போவுமா?"

அருளப்பன் சார் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டச்சு செய்த மனுவை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்தக் கூழு ஒரே ஒரு வரிதானே" என்றார் கடைசியில்.

"ஆமா சார். முழுசா மறைக்கணும்னு இருந்தா அதை அடிச்சிருக்கலாம் இல்ல? யாராவது ஒருத்தர் கண்டுபிடிக்கட்டும்னுதானே உட்டு வெச்சீங்க."

அவர் புத்தகத்தை மூடினார். முகத்தில் கோபம் இல்லை. பல வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல் இருந்தது, ஆனால் வந்தவர் முன் அனுமதி வாங்காமல் வந்துவிட்டார். பிறகு, முடிவை மாற்றிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்துபோன முடிவை எப்படி எழுதுவது?

டீச்சர் உடனே மறுத்தார். "மாத்திடாதீங்க சார். எங்க கைடுல எதிர்பார்க்கற கேள்வின்னு போட்டா இதுவரைக்கும் தப்பினதே இல்ல. எங்க பேரு கெட்டுடும்."

முதல் தடவையாக அருளப்பன் சார் சிரித்தார்.

வழக்கு அந்த அறையிலேயே முடிந்தது. சட்டம் என்ன என்று கேட்பீர்கள். அவருடைய வாக்கியங்கள் அவருக்குச் சொந்தம். அவற்றைப் பக்கம் பக்கமாக எடுத்துச் சுருக்கம் என்று பெயர் வைப்பது திருட்டு, அதில் நம் கை ஓங்கியே இருந்தது. ஆனால் அவர் கதையைப் படித்து ஒருவர் செய்த யூகம் அவருக்குச் சொந்தமில்லை, அது சரியாகவே இருந்தாலும். அன்றே நான் வரவழைத்த பதிப்பாளர், அப்படி எடுத்த பக்கங்களையெல்லாம் நீக்கி, டீச்சரின் சொந்த வார்த்தைகளில் எழுதி மறுபதிப்புப் போடவும், கடைசிப் பாகம் வெளிவந்து முடியும்வரை அந்தப் பத்து மதிப்பெண் வினாவை விட்டுவிடவும் ஒப்புக்கொண்டார். "வெற்றி நிச்சயம்" பிளாக்கையும் எடுத்துவிடும்படி நான் சொன்னேன். அதற்குத்தான் அவர் முகம் சுருங்கியது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பாகம் மாற்றமில்லாமல் வந்தது. முடிவைப் படித்த சில வாசகர்கள், ஆசிரியர் விழுப்புரம் கைடைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அருளப்பன் சார் அந்தக் கடிதங்களோடு என்னிடம் வந்து, இவர்கள் மேல் என்ன வழக்குப் போடலாம் என்று கேட்டார். பெருமைப்படுவதற்கு என்னென்னவோ வழி வைத்திருக்கிறார்கள் எழுத்தாளர்கள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை டீச்சரும் பதிப்பாளரும் போன பிறகும் அருளப்பன் சார் எழுந்திருக்கவில்லை. மனுவைக் கேட்டு வாங்கி, ஏழுமலை பெயர் வரும் பத்தியை எடுத்துப் படித்தார். என்னைப் பார்க்காமல், "இதுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க மேடம். நீங்க எழுதினா கரெக்டா இருக்கும்" என்றார். மன்னிப்புக் கடிதம். வக்கீல் தாளில்.

முடியாது என்றேன். நாலு பேர் முன்னால் கேட்டதற்குத் தபாலில் மன்னிப்பு அனுப்ப முடியாது என்றும் சொன்னேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. திண்டிவனம் கோர்ட்டுக்கு நான் எப்போது வருவேன் என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை எனக்கு அங்கே ஒரு வாய்தா இருந்தது. அது முடிந்ததும் இருவரும் ஓமந்தூருக்குப் பஸ் ஏறினோம். கட்சிக்காரரோடு அப்படிப் போவது நம் வேலையில் சேராது. ஃபீஸில் அதை நான் சேர்க்கவும் இல்லை.

ஏழுமலை வீட்டு வாசலில் வேர்க்கடலை, நம் பக்கத்து மல்லாட்டை, காயப்போட்டிருந்தது. அவர் குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், காதில் அப்போதும் பேனா. எங்களைப் பார்த்தார், நிமிர்ந்தார், பிறகு மறுபடியும் கிளறினார். அவர் மனைவி எனக்கு மட்டும் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்த வீட்டில் தீர்ப்பு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது என்று புரிந்தது.

அருளப்பன் சார் நின்றுகொண்டே சொன்னார். டீச்சர் எப்படிக் கண்டுபிடித்தார், உப்பு, சாபம், கூழ், எல்லாவற்றையும். நடுவில் பலமுறை தடுமாறினார். கதை எழுதுகிறவர் என்று யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில், "நான் கேட்டிருக்கக் கூடாது ஏழுமல. உன்ன அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்று நிறுத்தினார்.

ஏழுமலை கையில் இருந்த மல்லாட்டையை உடைத்துப் பார்த்தார். காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"படகோட்டிதான் ராஜான்னு எனக்கு ரெண்டாம் பாகத்துலயே தெரியும்" என்றார்.

அருளப்பன் சார் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"பத்திரம் எழுதறவன்டா நானு. ஒரு எடத்துல அடிச்சி அடிச்சி எழுதியிருந்தா அங்கதான் வில்லங்கம் இருக்குது. அந்தக் கூழு வரிய எத்தினி வாட்டி அடிச்சி எழுதியிருந்த நீ? வேற எங்கயும் அப்பிடி அடிக்கல."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீ அத மறைச்சி வெச்சிக்கினு எவ்ளோ சந்தோஷமா இருந்த. ஒவ்வொரு வாட்டியும், கடைசியில பாரு ஏழுமல, கடைசியில பாருன்னு சொல்லுவ. அதக் கெடுத்துட்டு எனக்கு என்னா ஆவப்போவுது?" சற்று நிறுத்தி, "கடைசி அத்தியாயத்த நீ கையில குடுத்தப்ப, அய்யய்யோன்னு ஆச்சரியப்பட்டேன் இல்ல? அதுதான் கஷ்டமா இருந்துச்சி" என்றார்.

அருளப்பன் சார் அந்த மல்லாட்டைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டையின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். ஏழுமலையின் மனைவி உள்ளே போய் அவருக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஏழுமலை அப்போதுதான் என்னை நன்றாகப் பார்த்தார். "நீங்களும் அஞ்சு பாகமும் படிச்சீங்களாமே மேடம். உங்களுக்கு எந்தப் பாகத்துல தெரிஞ்சிது?"

பிரமாணம் செய்துவைக்க அங்கே யாரும் இல்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியவே இல்லைங்க. கைடைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். திண்டிவனம் பஸ் வந்து நான் ஏறும்வரை அவர்கள் நிறுத்தவில்லை.